ஐம்பது பை சரி, எந்த ஐம்பது வீடு?

கடலூரில் கல்லூரியில் படிக்கும் 14 பேர் சேர்ந்து 40,000 ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு முன்னால் தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கஷ்டத்தில் இருக்கும் 50 குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுக்க ஆசை. பையில் என்னென்ன வைக்கலாம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, “அந்த 50 குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது” என்று, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். மற்றதை மளிகைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

என்னைப் பற்றி இரண்டு வரி, என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ள. கடலூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுத்தேன். 16 வருடம் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. 1969-ல், காந்தி நூற்றாண்டு சமயத்தில் தொடங்கிய திட்டம் அது. ஒரு மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், ஏழு நாள் முகாம் ஒன்றுக்குப் போக வேண்டும். அந்த மணிக்கணக்கை நிரப்புவதற்காகவே மரக்கன்று நட்டு, அடுத்த வருடம் அதே குழியில் மறுபடியும் மரக்கன்று நட்ட கோஷ்டி நாங்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் மூன்றிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறேன். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஓய்வு பெற்றிருந்தேன்; பழைய மாணவர்கள் கூப்பிட்டார்கள், போனேன். சமூகப்பணியை முறையாகப் படித்தவன் இல்லை, கணக்கு வாத்தியார். கீழே சொல்வதில் பாதி, நாங்கள் செய்த தப்புகளிலிருந்து வந்தது.

அதில் பெரிய தப்பு தானே புயலின்போது. அந்தப் புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மூன்றாம் நாள் ஒரு டெம்போ பிடித்து, வீட்டுக்கு ஐந்து கிலோ வீதம் அரிசிப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு கடலோரத்தில் ஒரு ஊருக்குப் போனோம். ஒரு அம்மா பொட்டலத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார். “அரிசி இருக்குது சார். அடுப்பு எதுல மூட்டறது? விறகு, தீப்பெட்டி எல்லாம் நமத்துப் போச்சு” என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரை பிய்ந்துபோன மூலையில் ஏற்கெனவே யார் யாரோ கொடுத்த மூன்று அரிசிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அடியில் இருந்தது நனைந்து புளித்த வாடை அடித்தது. எங்கள் டெம்போவில் அரிசியைத் தவிர எதுவும் இல்லை. கடைசியில் ஓட்டுநர் தன் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். அன்று எங்கள் வண்டியிலிருந்து இறங்கியதில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான். சுனாமிக்குப் பிறகு எங்கெங்கிருந்தோ வந்த பழைய துணி கடலோரச் சாலைகளில் மூட்டை மூட்டையாகக் கிடந்து வீணானதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். ஏழு வருடம் கழித்துத் துணிக்குப் பதில் அரிசியை வைத்து அதையே செய்திருக்கிறேன்.

ஆகவே பட்டியல். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான், பை கட்டுவது ஒரு சாயங்கால வேலை. தெருவில் போய் “இங்கே யார் ஏழை” என்று கேட்காதீர்கள். கேட்ட மறுநிமிடம் தெருவே ஏழையாகிவிடும், அதில் பொய்யும் இருக்காது. அதற்குப் பதில், வேலை காரணமாகவே வீடுகளின் நிலைமை தெரிந்த நாலைந்து பேரைத் தனித்தனியாகப் பாருங்கள். அங்கன்வாடி டீச்சருக்கு எடை குறைந்த குழந்தை எந்த வீட்டில் என்று தெரியும். கிராம சுகாதார செவிலியருக்குக் கர்ப்பிணிகளையும் படுக்கையில் கிடப்பவர்களையும் தெரியும். சத்துணவு அமைப்பாளருக்கு, எந்தப் பிள்ளை திங்கட்கிழமை மட்டும் இரண்டாம் முறை சோறு வாங்குகிறது என்று தெரியும். ரேஷன் கடைக்காரருக்கு யார் மூன்று மாதமாக வரவில்லை என்று தெரியும். மூலைக்கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு இருக்கிறதே, அதைவிட உண்மையான ஆவணம் அந்தத் தெருவில் கிடையாது. காட்ட மாட்டார், ஆனால் நீங்கள் ஒரு பெயர் சொன்னால் முகத்தில் தெரியும். இவர்களில் இரண்டு பேர் வாயிலிருந்து ஒரே பெயர் வந்தால் அந்த வீட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்து பேருமே சொல்லாத வீடுகளும் உண்டு, அவற்றையும் தேட வேண்டும். இவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருப்பவர்களைத்தான் அறிவார்கள். எதிலும் பெயர் இல்லாதவர்கள் யார் கண்ணிலும் பட மாட்டார்கள். உப்பங்கழி ஓரத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் ஆறு மாதம் ஓரிடம், ஆறு மாதம் ஓரிடம் என்று இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்கள். தானே புயலின்போது அந்த அம்மா வீட்டில் அடுக்கிக் கிடந்ததே அரிசி, அது இந்த வீடுகளில்தான் நிஜமாகவே தேவைப்படும், ஏனென்றால் இவர்களிடம் அட்டை இல்லை, அல்லது அட்டை வேறு ஊரில் இருக்கிறது.

மீனவ ஊர் என்றால் இன்னொரு சிக்கல், இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் கடலோரத்தில் ஊருக்குள் எது வந்தாலும் தலைக்கட்டுக் கணக்கில் சமமாகப் பிரிப்பது பழக்கம். ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் 50 பையோடு உள்ளே போனால் “மத்த வீடு என்ன பாவம் பண்ணுச்சு” என்ற கேள்வி வரும், அது நியாயமான கேள்வியும்கூட. சரி, சொல்லிவிட்டே போகிறீர்கள், அவர்கள் பட்டியல் தருகிறார்கள் என்று வையுங்கள். அந்தப் பட்டியலில் ஆண் இல்லாத வீடு பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாக வராது; கணவனை இழந்தவர், பிரிந்து வந்த பெண், பேத்தியை வளர்க்கும் பாட்டி இவர்கள்தான் விடுபடுவார்கள். நீங்கள் தேடிப் போனதே அவர்களைத்தானே? இதற்கு ஒரு முழுமையான தீர்வு என்னிடம் இல்லை. எங்களுக்கு ஓரளவு கைகொடுத்தது இதுதான்: “ஏழைகளுக்கு” என்று போகாமல், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒரு வகையைச் சொல்லிவிட்டுப் போவது. “இந்த ஊரில் கணவர் இல்லாத எல்லா வீட்டுக்கும்” என்றால் அதில் யாரும் போட்டிக்கு வருவதில்லை. பஞ்சாயத்தாரும் தலையாட்டிவிடுகிறார்கள், அவர்களே விடுபட்ட பெயரைச் சொல்லியும் அனுப்புகிறார்கள். ஆனால் இது எல்லா ஊரிலும் செல்லும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். இரண்டு ஊர்களில் சரியாக வந்தது, ஒன்றில் சண்டையாகி டெம்போவைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

அடுத்தது காலம். தீபாவளிக்கு என்கிறீர்கள். உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தீபாவளிக்கு ஏதாவது கொடுக்காத சங்கம், ஜவுளிக்கடை, கட்சி எது? பொங்கலுக்கு ரேஷன் கடையில் தொகுப்பு வருகிறது. பள்ளி நடக்கும் நாட்களில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதியம் சத்துணவு. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தால் ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கிறது. அதாவது ஒரு நாளில் இரண்டு வேளையைப் பள்ளி பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டு வேளையும் நின்றுபோவது கோடை விடுமுறையில். அதே நேரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீனவக் குடும்பத்துக்கு அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது, 2023-ல் அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். ஆனால் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர், பெட்டி தூக்குபவர், மீன் ஏற்றும் குட்டி யானை வண்டி ஓட்டுபவர், இவர்களெல்லாம் மீனவர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லாவிட்டால் அந்த 61 நாளும் வெறும் நாள்தான். படகும் ஓடாது, பிள்ளையும் நாளெல்லாம் வீட்டில். மே மாதத்தில் முதுநகர் பக்கம் ஒரு பையோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. உங்களுக்கோ தேர்வு முடிந்து விடுமுறை. பாதிப் பணத்தையாவது மே மாதத்துக்கு எடுத்து வையுங்கள் என்பேன். மீதிப் பாதியை தீபாவளிக்கு என்று வைக்காமல் அடைமழைக்கு என்று வையுங்கள். நம் பக்கம் இரண்டும் ஒட்டித்தான் வரும், பையில் போகும் பொருள்தான் மாறும்.

இப்போது பைக்கு வருவோம். மேயோ மழையோ, ஒரு வீட்டுக்கு ஒரு பை என்றால், 40,000-ஐ 50-ஆல் வகுத்து 800 ரூபாய். ரேஷன் அட்டை இருக்கும் வீட்டுக்கு அரிசி இலவசமாக வருகிறது, சர்க்கரை வருகிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இதையே நீங்களும் வெளியில் நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கிப் பையில் போட்டால் யாருக்கு லாபம்? ரேஷனில் மானியத்தில் வராததைப் பாருங்கள்: மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, கல் உப்பு, டீத்தூள், குளியல் சோப், துணி சோப், தலைக்கு எண்ணெய், சானிட்டரி நாப்கின். நாப்கினை எந்த வீட்டிலும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். மழைக்காலப் பை என்றால் தீப்பெட்டி ஒரு கட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டது; மெழுகுவத்தி, கொசுவத்தி, ஒரு தார்ப்பாய். நல்ல கனமான தார்ப்பாய் வாங்கினால் 50 வீட்டுக்குப் பணம் போதாது. அப்போது 50 என்ற எண்ணை விடுங்கள். 22 வீட்டுக் கூரை ஒழுகாமல் இருப்பது போதும். நோட்டுப் புத்தகம் கொடுக்கலாமா என்று உங்களில் யாராவது கேட்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, புத்தகப் பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. சீருடை எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பு போகும் பிள்ளைக்குச் சீருடைத் துணியும் தையற்கூலியும் கொடுத்தால் அந்த வீட்டில் ஜூன் மாதம் ஒரு கடன் குறையும்.

இன்னொரு வழியும் உண்டு, பத்து வீட்டுக்காவது முயன்று பாருங்கள். பையே கட்டாமல், அந்தத் தெரு அண்ணாச்சியிடம் பேசி 800 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவது. பீடி, பாக்கு கிடையாது, மற்றபடி வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஒரு முறை இப்படிச் செய்தோம். என் பிள்ளைகள் கடைக்கு எதிரே டீ குடித்தபடி யார் என்ன வாங்குகிறார்கள் என்று வேவு பார்த்தார்கள், நான் திட்டினாலும் எனக்கும் ஆர்வம்தான். பலர் பாதிச் சீட்டைப் பழைய பாக்கிக்குக் கழித்துக்கொண்டார்கள். “நம்ம காசு கடைக்காரருக்குப் போயிடுச்சே சார்” என்று ஒரு மாணவிக்கு வருத்தம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பாக்கி அடைந்தால் மறுபடி கடன் கிடைக்கும், மழை நாளில் கடன் தரும் கடைதான் அந்த வீட்டுக்குக் காப்பீடு. கையில் ரொக்கமாகக் கொடுப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. வாரக் குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும் நாளாக இருந்தால் உங்கள் பணம் வாசலோடு போய்விடும். ரொக்கம்தான் சிறந்தது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை மறுக்க என்னிடம் பெரிய ஆதாரம் ஒன்றும் இல்லை.

ஆனால் 14 பேரின் கால்களும் படிப்பும் அதிகம் பயன்படப் போவது பையில் இல்லை, காகிதத்தில். பட்டியலுக்காக ஒரு வீட்டுக்குப் போகும்போதே ஐந்து விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ரேஷன் அட்டை இருக்கிறதா, அதில் எல்லார் பெயரும் இருக்கிறதா, வரவேண்டிய உதவித்தொகை வருகிறதா, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். முந்திரி ஓட்டில் ஊறும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருத்து, தோல் உரிந்து வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடையில் அவர் விரலை வைத்தால் கருவி சிவப்பு விளக்குதான் காட்டும். துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார்கள், வேறு விரல் வைக்கச் சொல்வார்கள், நாளைக்கு வரச் சொல்வார்கள். நாளைக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. இரண்டு மாதம் போகாமலே இருந்துவிட்டார். என் மாணவர்கள் இரண்டு பேர் அவரை அழைத்துக்கொண்டு போய், விரல் ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழிகள் உண்டே, கருவிழிப் பதிவு, முடியாத முதியவர்கள் சார்பில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம், இதில் எது அவருக்குச் சரி என்று கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசினார்கள். அரை நாள் வேலை. அதன் பிறகு மாதாமாதம் 20 கிலோ அரிசி வீட்டுக்கு வந்தது. எத்தனை பை கொடுத்தால் அது ஈடாகும்?

ஆதரவற்ற விதவை ஓய்வூதியமும் அப்படித்தான். 2023-ல் அதை மாதம் 1,200 ரூபாயாக்கினார்கள். வருடத்துக்கு 14,400. உங்கள் 800 ரூபாய்ப் பை 18-க்குச் சமம், ஒரே வீட்டுக்கு, வருடா வருடம். இதற்கு நீங்கள் செலவிடப் போவது இ-சேவை மையக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும். வருமானச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய். கையில் மனுவோடு நிற்கத் தெரியாதவர்களுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒருவர் துணைக்குப் போனாலே பெரிய விஷயம். மனு கொடுத்தால் பதிவு எண் தருவார்கள், அதை உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இருளர் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் மட்டும் பொறுமை வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். நேரில் வந்து விசாரிப்பார்கள், பெற்றோரிடமே அந்தக் காகிதம் இல்லாத வீடுகளில் விசாரணை இழுக்கும். அதை மாணவர்கள் தனியாகத் தூக்கிச் சுமக்க முடியாது. அந்த மக்களுக்காக ஏற்கெனவே வேலை செய்பவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

காகிதம் பேசும்போது எல்லையை மறக்காதீர்கள். கடலூரிலிருந்து பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி. பாகூர்ப் பக்கம் பெண் எடுத்து முதுநகரில் வாடகைக்கு இருப்பவர்கள், இங்கே அட்டை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர்கள் ஏராளம். தெரு ஒன்றுதான், அரசு வேறு. புதுவையில் பல ஆண்டுகள் ரேஷன் கடையே மூடிக் கிடந்து, அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போட்டார்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு அங்கே குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள், இங்கே அதிகம் பாதித்த பகுதிகளுக்கு 2,000. ஒரே மழையில் நனைந்த இரண்டு வீடுகளில் இது என்ன பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அட்டை எந்தப் பக்கத்து அட்டை என்று கேட்காமல் எந்தத் திட்டத்தைப் பற்றியும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கொடுக்கும் விதத்துக்கு வருகிறேன். மேடை, டோக்கன், வரிசை எதுவும் வேண்டாம். ஒருமுறை 60 டோக்கன் அச்சடித்தோம். வந்தது 200 பேர். தள்ளுமுள்ளில் ஒரு பாட்டி விழுந்து கைமூட்டு வீங்கிவிட்டது, டோக்கன் இருந்தவர்தான். அந்தப் பழியை நான் யார்மேலும் போட முடியாது, ஏற்பாடு என்னுடையது. அதிலிருந்து வீட்டு வாசலுக்கே போய், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால், இரண்டிரண்டு பேராகக் கொடுத்துவிட்டு வருவது என்று வைத்துக்கொண்டோம். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு மாணவிகள் போகட்டும். அதிலும் ஒரு முறை சறுக்கியது. ஒரு வீட்டில் அம்மா வாங்கிக்கொண்டிருக்கிறார், உள்ளே தட்டி மறைவில் ஒரு பெண்பிள்ளை நிற்பது பாவாடை விளிம்பில் தெரிகிறது, வெளியே வரவே இல்லை. திரும்பும்போது எங்கள் மாணவி சொன்னாள், “சார், அவ என் கிளாஸ். தினமும் பக்கத்துல உக்காருவா.” அடுத்த நாள் அந்தப் பெண் கல்லூரிக்கு வரவில்லை. எந்தத் தெருவுக்கு யார் போகிறார்கள் என்று முதல் நாளே பட்டியலை உங்களுக்குள் படித்து, தெரிந்தவர் வீடு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பிலேயே அந்த 50-ல் ஒருவர் இருக்கலாம், அந்த 14 பேரிலேயே இருக்கலாம்.

படம் எடுக்காதீர்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்கு காட்டப் படம் வேண்டும் என்பார்கள், கட்டி வைத்த பைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், கடை ரசீதை அனுப்புங்கள். குழந்தைகள் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. பட்டியலுக்குப் போகும்போது குழந்தை வேலைக்குப் போவதோ, சின்ன வயதில் கல்யாணப் பேச்சோ காதில் விழுந்தால் நீங்களே பஞ்சாயத்து பேசப் போகாமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

பணம், என் சொந்த ஏரியா. இப்போது ஒருவருடைய ஜிபே எண்ணுக்குத்தானே எல்லாரும் அனுப்பியிருக்கிறீர்கள்? அந்த ஒருவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் தன் செல்போன் ரீசார்ஜையும் அதே கணக்கிலிருந்து செய்வார், மூன்று மாதம் கழித்து 1,150 ரூபாய் எங்கே என்று யாருக்கும் தெரியாது, நட்பு போய்விடும். இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். வரவு, செலவு, இருப்பு மூன்றையும் வாராவாரம் குழுவில் போடுங்கள். ஆட்டோ வாடகை 150 என்றால் 150-க்கும் துண்டுச்சீட்டு. நண்பர்களுக்குள் திரட்டிய பணத்தைச் செலவழிக்கப் பதிவு தேவையில்லை, ஆனால் வரிவிலக்கு ரசீது தருவதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அதற்குப் பதிவு பெற்ற அமைப்பும் வருமான வரித் துறை ஒப்புதலும் வேண்டும். சிங்கப்பூர் மாமா பணம் அனுப்புகிறேன் என்பார், நம் மாவட்டத்தில் மாமா இல்லாத வீடு ஏது? அவர் இன்னும் இந்தியக் குடிமகன், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. தொகை பெரிதாகத் தொடங்கினால் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். வணிகவியல் வாத்தியாரும் ஆடிட்டரும் ஒன்றல்ல.

அனுமதி கேட்டிருந்தீர்கள். வீடு வீடாகப் பை கொடுக்க நாங்கள் எழுத்தில் எதுவும் வாங்கியதில்லை. வார்டு கவுன்சிலர், ஊர்ப் பஞ்சாயத்தார், உங்கள் கல்லூரி மூன்று பேருக்கும் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். பந்தல், ஒலிபெருக்கி, கூட்டம் என்றால்தான் காவல் நிலையம் போக வேண்டும், அதைத்தான் வேண்டாம் என்றேனே. வெள்ள நேரம் தனி. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். மழை விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தென்பெண்ணைக் கரையில் குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கம் தண்ணீர் ஏறியது. அப்படி ஏறும் தண்ணீரில் எந்தப் பையோடும் யாரும் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தாலும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-ல் அழைத்து, எந்த முகாமில் என்ன குறைகிறது என்று கேட்டுவிட்டு அதை மட்டும் கொண்டுபோங்கள். சமைத்த சாப்பாடு அந்த இரண்டு மூன்று நாளைக்குச் சரி. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் எரியும் மாவட்டம் இது, சோறு போடுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம் மட்டும் வேண்டாம், பொட்டலம் கைமாறி வீடு சேர்வதற்குள் கெட்டுவிடும். புளிச்சோறு நாள் பூராவும் தாங்கும்.

இப்படிக் கொடுப்பதால் யாராவது நிரந்தரமாக மேலே வந்திருக்கிறார்களா என்று ஒரு முறை என் மனைவி கேட்டாள். ஓய்வூதியம் வாங்கித் தந்த வீடுகளில் வித்தியாசம் தெரிந்தது என்று உறுதியாகச் சொன்னேன். பை கொடுத்த வீடுகளில் அந்த மாதம் கடந்தது, அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று நாங்கள் திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லை. அதுவும் என் கணக்கில் எழுத வேண்டிய தப்புதான். நீங்கள் ஆறு மாதம் கழித்து ஒருமுறை, கையில் எதுவும் இல்லாமல், அதே வீடுகளுக்குப் போங்கள்.

இப்போதைக்கு ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கம் என்று ஒதுக்கி, வரும் சனி, ஞாயிறில் பத்து வீடு மட்டும் போய்விட்டு வாருங்கள். மளிகைக் கடையில் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையே? கொடுக்காதீர்கள். அந்தப் பத்து வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், பைக்கான பட்டியலை அதைப் பார்த்துவிட்டுப் போடலாம்.